இரண்டு லிட்டாஸ் விசா: யூதர்களைக் காப்பாற்றியது ஜப்பானா, ஒரு ஜப்பான்காரரா?

திருச்சி விமான நிலைய வாசலில் ராத்திரி நேரத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும். மண்ணச்சநல்லூர், துறையூர், லால்குடி, முசிறிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருப்பார்கள். சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர் ஒருவர்தான். வழியனுப்ப வந்தவர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். பெட்டிக்குள் மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி இருக்கிறதோ இல்லையோ, போகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம் இருக்கும். பாஸ்போர்ட், விசா, திரும்பி வருவதற்கான டிக்கெட், தங்கப்போகும் இடத்தின் முகவரி. கண்ணாடிக் கதவு மூடும்வரை அம்மா நாலு முறையாவது கேட்டுவிடுவார், "எல்லாம் இருக்காப்பா?"

அந்தக் கவரில் ஒரு காகிதம் குறைந்தால் என்ன ஆகும்? டிக்கெட் காசு போகும், மானம் கொஞ்சம் போகும். அதே வேனில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள் அப்படியொரு காகிதத்துக்காக நின்ற கதை இது. வருடம் 1940, ஜூலை மாதம். ஐரோப்பாவில் லிதுவேனியா என்ற சின்ன நாடு. அதன் அன்றைய தலைநகர் கவுனாஸில், வீடும் அலுவலகமும் ஒன்றாக இருந்த ஒரு கட்டடத்தின் வேலிக்கு வெளியே கூட்டம். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். பெரும்பாலும் போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்கள். உள்ளே இருந்தது ஜப்பானின் துணைத் தூதரகம். அதன் பொறுப்பாளர் சியுனே சுகிஹாரா, வயது நாற்பது. மனைவி யுகிகோ, மூன்று ஆண் குழந்தைகள். கடைக்குட்டி அந்த ஊரில்தான் பிறந்திருந்தான்.

'ஜப்பானா? ஹிட்லரின் கூட்டாளி நாடாச்சே!' என்று தோன்றுகிறதல்லவா? தோன்ற வேண்டும். 'ஜப்பான் யூதர்களைக் காப்பாற்றியது' என்று ஒரே வரியில் முடித்துவிடும் வீடியோக்கள் இப்போது நிறையச் சுற்றுகின்றன. ஆனால், இது ஒரு வரியில் அடங்குகிற கதை இல்லை.

ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கேட்டது

1939 செப்டம்பரில் போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ரஷ்யாவும் பிய்த்துக்கொண்டன. உயிர் பிழைத்த யூதர்களில் சில ஆயிரம் பேர் பக்கத்து நாடான லிதுவேனியாவுக்குள் நுழைந்தார்கள். அது அப்போது நடுநிலை நாடு. ஆனால், 1940 ஜூனில் சோவியத் படை அங்கேயும் வந்துவிட்டது. மேற்கே போனால் ஜெர்மன்காரன். இங்கேயே இருந்தால் சைபீரியாவோ, நாளைக்கு ஜெர்மன்காரன் வந்தால் அதைவிட மோசமான முடிவோ. மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. ரயிலில் ரஷ்யா முழுவதையும் கடந்து விளாடிவாஸ்டாக், அங்கிருந்து கப்பலில் ஜப்பான், பிறகு எங்கேயாவது.

அந்த 'எங்கேயாவது'வில்தான் சிக்கல். வெளிநாடு போய்வந்த நம் ஊர்க்காரர்களுக்கு டிரான்சிட் விசா என்றால் புரியும். ஒரு நாட்டின் வழியாகக் கடந்து போக மட்டும் தரும் அனுமதி அது. அதை வாங்கப் போனால் முதல் கேள்வியே, 'அடுத்து எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், அந்த நாட்டு விசா எங்கே?' என்பதுதான். ரஷ்யா வழிவிட வேண்டுமென்றால் ஜப்பான் விசா வேண்டும். ஜப்பான் விசா தர வேண்டுமென்றால் கடைசியாகப் போய்ச் சேரும் நாட்டின் விசா வேண்டும். அப்படி யூதர்களை வரவேற்று விசா கொடுக்க அன்றைக்கு எந்த நாடும் வாசலில் காத்திருக்கவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும்கூட எண்ணி எண்ணித்தான் கொடுத்தன.

இந்தச் சங்கிலியை உடைத்தவர் சுகிஹாரா இல்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பெயர், யான் ஸ்வார்ட்டெண்டைக். நெதர்லாந்துக்காரர். பிலிப்ஸ் கம்பெனியின் லிதுவேனியப் பிரதிநிதி. ஆமாம், நம் தாத்தாக்கள் ஆகாசவாணி கேட்ட ரேடியோவைச் செய்த அதே பிலிப்ஸ்தான். பல்பும் ரேடியோவும் விற்றுக்கொண்டிருந்தவரைப் பிடித்து, தற்காலிக நெதர்லாந்துத் தூதராக உட்கார வைத்திருந்தார்கள். தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கரீபியன் கடலில் குராசாவ் என்று ஒரு தீவு. நெதர்லாந்தின் வசம் இருந்தது. அங்கே போக விசா தேவையில்லை, ஆனால் கவர்னர் அனுமதித்தால்தான் கரையிறங்க முடியும். இதுதான் சட்டம். லட்வியாவிலிருந்த நெதர்லாந்துத் தூதர் டி டெக்கரின் ஒப்புதலோடு ஸ்வார்ட்டெண்டைக் முதல் பாதியை மட்டும் எழுதினார், 'குராசாவ் செல்ல விசா தேவையில்லை' என்று. கவர்னர் சமாச்சாரத்தை விட்டுவிட்டார்.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. உண்மையில் பாதி, அவ்வளவுதான். சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேருக்கு அதை எழுதிக் கொடுத்தார். அவர்களில் ஒருவராவது குராசாவ் போய்ச் சேரும் எண்ணத்தில் வாங்கினாரா என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், 'அடுத்து எங்கே?' என்ற கேள்விக்குக் காகிதத்தில் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அந்தக் காகிதத்தோடுதான் கூட்டம் ஜப்பான் தூதரக வாசலுக்கு வந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

சுகிஹாராவை அங்கே அனுப்பியது விசா கொடுப்பதற்காக இல்லை. ஜெர்மனியும் ரஷ்யாவும் தங்கள் படைகளை எங்கே நகர்த்துகின்றன என்று மோப்பம் பிடித்து டோக்கியோவுக்குச் சொல்வதுதான் முக்கியமான வேலை. சுருக்கமாகச் சொன்னால் ஒற்று. ரஷ்ய மொழியில் கெட்டிக்காரர். மஞ்சூரியாவில் வேலை பார்த்தபோது, ரஷ்யர்களிடமிருந்து ரயில் பாதையை ஜப்பான் வாங்கிய பேரத்தில் பெயர் எடுத்தவர். அங்கே சீனர்களை ஜப்பானியர்கள் நடத்திய விதம் பிடிக்காமல் அந்தப் பதவியை விட்டவர் என்றும் சொல்வார்கள்.

வாசலில் நிற்பவர்களுக்கு விசா கொடுக்கலாமா என்று டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. கையில் போதிய பணமும் போய்ச்சேரும் நாட்டின் உறுதியான அனுமதியும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதே பதில். யுகிகோவிடம் பேசினார். குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் இருவருக்குமே இருந்தது. சோவியத் அரசோ, நாடே தன்னோடு இணைக்கப்பட்டுவிட்டதால் எல்லாத் தூதரகங்களையும் ஆகஸ்ட் மாதத்துக்குள் மூடச் சொல்லிவிட்டது.

பிறகு எழுத ஆரம்பித்தார்.

காலையிலிருந்து இருட்டும் வரை கையால் எழுதினார். ஒரு விசாவுக்குக் கட்டணம் இரண்டு லிட்டாஸ், அந்த ஊர்க் காசில் சொற்பம்தான். எண் போடுவார், பெயர் எழுதுவார், கட்டணத்தைக் குறிப்பார். ஒரு குடும்பத்துக்கு ஒரு விசா போதும் என்பதால், ஒரு எண்ணுக்குப் பின்னால் நாலைந்து உயிர்கள் இருந்திருக்கலாம். ஆகஸ்ட் நடுவில், அந்த விசாவோடு ஜப்பானில் வந்திறங்கியவர்களிடம் காசும் இல்லை, மேற்கொண்டு போக வழியும் இல்லை என்று டோக்கியோவிலிருந்து கண்டிப்பான தந்தி வந்தது. அதற்குப் பிறகும் எழுதினார். தூதரகத்தை மூடிவிட்டு ஓட்டலுக்குப் போனபோது அங்கேயும் தேடி வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பெர்லின் ரயிலில் ஏறி உட்கார்ந்தும், ஜன்னல் வழியாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததாக யுகிகோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ரயில் நகர்ந்தபோது, இதற்கு மேல் எழுத முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று தலை குனிந்தாராம்.

எண்ணிக்கை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 6,000 என்பார்கள், 10,000 என்பார்கள். அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய பட்டியலில் இருப்பவை 2,139 பெயர்கள். அதில் விசா வாங்கியும் புறப்பட முடியாமல் போனவர்கள் உண்டு. பட்டியலில் பெயரே இல்லாமல் அப்பா, அம்மாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு போன குழந்தைகளும் உண்டு.

போகாமல் அங்கேயே தங்கியவர்களுக்கு என்ன ஆனது? 1941 ஜூன் 22 அன்று ஜெர்மன் படை உள்ளே வந்தது. போர் முடிந்தபோது லிதுவேனியாவின் யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இல்லை. கவுனாஸ் ஊர் ஓரத்திலிருந்த 'ஒன்பதாம் கோட்டை'யில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள்.

ஆப்பிளும் கடிகாரமும்

விசா கிடைத்தவர்கள் சைபீரிய ரயிலில் நாள்கணக்கில் பயணம் செய்தார்கள். டிக்கெட்டை டாலரில் கேட்டது சோவியத் சுற்றுலா நிறுவனம். அகதியிடமும் லாபம்! அந்த டாலரில் பெரும்பகுதியைத் திரட்டியவை வெளிநாட்டு யூத நிவாரண அமைப்புகள்.

விளாடிவாஸ்டாக்கில் இன்னொரு சோதனை. 'கவுனாஸ் விசாவோடு வருகிறவர்களைக் கப்பல் ஏற்றாதே' என்கிற தொனியில் அங்கிருந்த ஜப்பான் தூதரகத்துக்கு டோக்கியோ உத்தரவிட்டது. அங்கே பொறுப்பில் இருந்தவர் சபுரோ நெய். சுகிஹாரா படித்த அதே ஹார்பின் கல்லூரியில் படித்தவர். ஒரு ஜப்பானியத் தூதரகம் முத்திரை குத்திக் கொடுத்ததை இன்னொரு ஜப்பானியத் தூதரகமே செல்லாது என்றால், நாட்டின் கௌரவம் என்ன ஆவது என்று எதிர்த்துக் கேட்டார். இரக்கம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தால் டோக்கியோவில் குப்பைக்குப் போயிருக்கும். கௌரவத்தைக் காட்டி எழுதியது அவருடைய சாமர்த்தியம்.

கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகம் சுருகா. ஒரு பையன் கூடை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து அகதிகளுக்குக் கொடுத்ததும், பொதுக் குளியலறைக்காரர் ஒருநாள் கட்டணம் வாங்காமல் அவர்களைக் குளிக்க விட்டதும் அந்த ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருந்து பதிவாகியிருக்கின்றன. கையில் காசில்லாதவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஊர்க் கடையில் விற்றார்கள். அப்படி விற்ற ஒரு பெண்ணின் கடிகாரம் இன்றைக்கும் சுருகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கிருந்து கோபே நகரம். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த சில யூதக் குடும்பங்கள் கமிட்டி அமைத்துச் சோறும் இடமும் ஏற்பாடு செய்தன. விசாவில் அனுமதித்ததோ சில நாட்கள்தான். அது தீர்ந்தால் வெளியேற வேண்டும். இங்கே வருகிறார் இன்னொருவர், செட்சுசோ கொட்சுஜி. எபிரேய மொழி படித்த ஜப்பானிய அறிஞர். முன்பு மஞ்சூரிய ரயில்வேயில் வேலை பார்த்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்த யோசுகே மாட்சுவோகாதான் இப்போது வெளியுறவு அமைச்சர். சுகிஹாராவுக்குத் 'தராதே' என்று தந்தி போன அமைச்சகத்தின் தலைவர். 1940 செப்டம்பரில் ஜெர்மனி, இத்தாலியோடு ஜப்பான் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சூத்திரதாரி. அதே மாட்சுவோகா, கொட்சுஜியின் காதில் ஒரு வழி சொன்னார்: தங்கும் நாட்களை நீட்டிக்கும் அதிகாரம் உள்ளூர்ப் போலீஸிடம் இருக்கிறது, அவர்களை நீ சரிக்கட்டினால் அமைச்சகம் கண்டுகொள்ளாது. கொட்சுஜி கோபே போய்ப் போலீஸ் அதிகாரிகளை விருந்துக்கு அழைத்துப் பழகி, நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். மத்திய அமைச்சர் கைவிட்டு, தாலுகா ஆபீஸ் காப்பாற்றுகிற கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை!

வந்தவர்களில் சில நூறு பேர் மிர் என்ற ஊரின் யூத வேதக் கல்விக்கூடத்து மாணவர்களும் ஆசிரியர்களும். ஸ்ரீரங்கத்து வேத பாடசாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைக் கற்பனை செய்வது சுலபம். கறுப்புக் கோட்டு, தாடி, கையில் புத்தகம். அவர்களுக்கு ஜப்பானில் ஒரு விநோதச் சிக்கல் வந்தது. சனிக்கிழமை அவர்களுக்குப் புனித நாள். பூமியைச் சுற்றி இவ்வளவு கிழக்கே வந்துவிட்ட பிறகு, இங்கே சனிக்கிழமை என்பது உண்மையிலேயே சனிக்கிழமைதானா? நாள் மாறும் கோடு எங்கே இருக்கிறது? 1941இல் அவர்களின் மிகப்பெரிய உபவாச நாளான யோம் கிப்பூர் நெருங்கியபோது ஜெருசலேமுக்கே தந்தி அடித்துக் கேட்டார்கள். அங்கே கூடிய பெரியவர்கள் புதன்கிழமை என்றார்கள். இன்னொரு பெரிய அறிஞர் வியாழக்கிழமை என்றார். வம்பே வேண்டாம் என்று இரண்டு நாளும் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. ஏகாதசி இன்றைக்கா நாளைக்கா என்று வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஸ்ரீரங்கத்துப் பாட்டிகளுக்கு அந்த அவஸ்தை நன்றாகவே புரியும்.

அப்படியென்றால், ஜப்பான் அரசு நல்ல அரசா?

1938 டிசம்பரில் ஜப்பானின் ஐந்து முக்கிய அமைச்சர்கள் கூடி ஒரு கொள்கை எடுத்தார்கள். யூதர்களைத் தனியாகப் பிரித்து விரட்டுவதில்லை, மற்ற வெளிநாட்டவர்களைப் போலவே நடத்துவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அதன் பின்னால் இருந்த கணக்கு வேறு. 1904-05இல் ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்டபோது, அமெரிக்க யூத வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் பெரிய அளவில் கடன் திரட்டிக் கொடுத்திருந்தார். அந்த நன்றியோடு ஒரு பிரமையும் சேர்ந்துகொண்டது. உலகப் பணமும் அமெரிக்க அரசியலும் யூதர்களின் விரல் நுனியில் என்கிற ஐரோப்பியப் பொய்ப் பிரசார நூல்களை யாசுவே, இனுசுகா போன்ற ஜப்பானிய ராணுவ, கடற்படை அதிகாரிகள் படித்து, நம்பியே விட்டார்கள். ஐரோப்பாவில் அதே பொய்யை நம்பியவன் 'அழித்துவிடு' என்றான். இவர்கள் 'அப்படிப்பட்டவர்களைப் பகைத்துக்கொள்ளாமல், மஞ்சூரியாவில் முதலீடு செய்ய வைத்தால் என்ன?' என்று யோசித்தார்கள்.

பொய் ஒன்றுதான், முடிவு வேறாகப் போனது. கந்தல் கோட்டோடு சுருகாவில் இறங்கியவர்களிடம் மஞ்சூரியாவை வளர்க்கும் அளவுக்குப் பணம் இருக்கும் என்று நம்பியதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

1941 டிசம்பரில் அமெரிக்காவோடு போர் மூண்டதும் அந்தக் கணக்குக்கு வேலையில்லாமல் போனது. அதற்கு முன்பே, கோபேயிலிருந்து வேறு நாடுகளுக்குப் போக முடியாமல் மிச்சமிருந்த சுமார் ஆயிரம் பேரை ஜப்பானியர்கள் ஷாங்காய்க்கு அனுப்பிவிட்டார்கள். விசா இல்லாமலேயே கால் வைக்கலாம் என்றிருந்த ஊர் அது. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து கப்பலில் வந்த ஆயிரக்கணக்கான யூதர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1943 பிப்ரவரி 18 அன்று அங்கே ஜப்பான் ராணுவம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 1937க்குப் பிறகு வந்த 'நாடற்ற அகதிகள்' எல்லோரும் மூன்று மாதத்துக்குள் ஹோங்க்கியூ பகுதிக்குள் குடிபோக வேண்டும். யூதர் என்ற சொல்லே அறிவிப்பில் கிடையாது. வெளிநாடுகளில் வாழும் யூதர்களின் குடியுரிமையை ஜெர்மனி பறித்திருந்தது. ஆகவே 'நாடற்றவர்' என்றாலே யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. கொட்டப்பட்டு முகாம் இருக்கும் ஊர் இது. அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர்கள் பலர்.

ஹோங்க்கியூவில் ஏறக்குறைய இருபதாயிரம் அகதிகள், ஒரு லட்சம் சீன ஏழைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரே அறையில் பல குடும்பங்கள், வயிற்றுப்போக்கு, பசி. வெளியே வேலைக்குப் போக வேண்டுமானால் பாஸ் வாங்க வேண்டும். பாஸ் கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கானோ கோயா என்ற ஜப்பானிய அதிகாரி. தன்னைத்தானே 'யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொண்டவர். மனம் போன போக்கில் பாஸ் கொடுப்பார், மறுப்பார், கத்துவார், அறைவார். உயரமானவர் வந்து நின்றால் அவருக்குப் பிடிக்காது, அவரே குள்ளம். அகதிகள் வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றார்கள், இவர் இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்று முன்னால் போய் வந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டே.

கவுனாஸில் ஒரு மேஜை, ஒரு முத்திரை, ஒரு வரிசை. ஷாங்காயிலும் ஒரு மேஜை, ஒரு முத்திரை, ஒரு வரிசை. இரண்டு மேஜைகளுக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே அரசுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹோங்க்கியூவில் விஷவாயு அறை இல்லை. நோயிலும் பசியிலும் பலர் இறந்தார்கள். 1945 ஜூலை 17 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட அகதிகளும் அவர்களைவிடப் பல மடங்கு சீனர்களும் செத்தார்கள். ஆனால், அகதிகளில் பெரும்பாலானவர்கள் போர் முடிந்த நாளை உயிரோடு பார்த்தார்கள். கவுனாஸில் தங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

நம் வீட்டு ஜப்பான்

அதே வருடங்களில் தமிழர்களுக்குத் தெரிந்த ஜப்பான் எது? 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், அங்கிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணம் முழுக்கத் தட்டுப்பாடு, ரேஷன். ரைஸ்மில்களுக்குப் பேர் போன மண்ணச்சநல்லூர் வட்டாரத்தில் அரிசியைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலத்தை நினைக்காமல் இருக்க முடியாது. பர்மாவிலிருந்து காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. வழியிலேயே விழுந்து இறந்தவர்களும் உண்டு.

மலாயாவில் இன்னும் கொடுமை. ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களை ஏற்றிக்கொண்டு போய் சயாம்-பர்மா ரயில் பாதையில் இறக்கினார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் அடியிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். 'சயாம் மரண ரயில்' என்றுதான் இன்றும் மலேசியத் தமிழர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு யாரும் விசா எழுதவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்று லாரி வந்தது, அவ்வளவுதான். இதே மலாயாவில், இதே ஜப்பானின் துணையோடுதான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்தார்கள். ஆகவே நம் வீடுகளிலும் ஜப்பானைப் பற்றி ஒரே ஞாபகம் கிடையாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் மரண ரயிலில், தம்பி ராணுவத்தில் என்றிருந்தால் இருவரும் ஒரே மாதிரியா பேசுவார்கள்?

சிங்கப்பூர் யூதர்களையும் ஜப்பான் ராணுவம் விடவில்லை. அங்கே பாக்தாத் வழிவந்த யூதர்கள் நீண்ட காலமாகவே இருந்தார்கள். 1943இல் அவர்களில் பல ஆண்களை முகாமில் அடைத்தது. 1945இல் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் டேவிட் மார்ஷல், தொண்டர் படையில் சேர்ந்து போர்க் கைதியாகி, ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு அனுப்பப்பட்டு அங்கே உழைக்க வைக்கப்பட்டார். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் ஆனவர் அவர்தான். கோபேயில் யூதர்களுக்கு ரொட்டி கிடைத்தது, சிங்கப்பூரில் கம்பி வேலி கிடைத்தது.  நிலத்தில், எந்த ஊர், எந்த வருடம், எந்த அதிகாரி என்பதுதான் விதி.

பல்பு விற்றவர்கள்

சுகிஹாரா போர் முடியும்போது ருமேனியாவில் இருந்தார். சோவியத் படை குடும்பத்தோடு பிடித்து ஒன்றரை வருடம்போல முகாம்களில் வைத்திருந்தது. 1947இல் ஜப்பான் திரும்பியதும் வெளியுறவு அமைச்சகம் ராஜினாமா கேட்டது. ஆள்குறைப்புதான் காரணம் என்றது அமைச்சகம். லிதுவேனிய விவகாரம்தான் காரணம் என்று சுகிஹாரா குடும்பம் கடைசிவரை நம்பியது. கவுனாஸில் பிறந்த கடைக்குட்டி மகன் ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில் இறந்துபோனான். அந்த நாட்களில் சுகிஹாரா வீடு வீடாகப் போய்ப் பல்பு விற்றதாகச் சொல்வார்கள். பிறகு ஒரு வர்த்தக நிறுவனத்துக்காக மாஸ்கோவில் குடும்பத்தைப் பிரிந்து பல வருடம் வேலை பார்த்தார். தான் எழுதிக் கொடுத்தவர்களில் யாராவது பிழைத்தார்களா என்பதே அவருக்குத் தெரியாது.

1968இல் டோக்கியோவிலிருந்த இஸ்ரேல் தூதரக அதிகாரி ஒருவர் அவரைத் தேடிப்பிடித்தார். பெயர் யெஹோஷுவா நிஷ்ரி. கவுனாஸ் வேலிக்கு வெளியே நின்ற இளைஞர்களில் ஒருவர் அவர். அப்படித்தான் தெரியவந்தது. யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவர்களுக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் தரும் கௌரவம் 1980களின் நடுவில் வந்தது. உடல் நலமில்லாததால் அவரால் நேரில் போய் வாங்க முடியவில்லை. 1986 ஜூலை 31 அன்று காமகுராவில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு இஸ்ரேல் தூதரும் வெளிநாட்டு யூதர்களும் திரண்டு வந்ததைப் பார்த்துத்தான், பக்கத்து வீட்டில் இத்தனை நாள் இருந்தவர் யார் என்று அக்கம்பக்கத்தினருக்குத் தெரிந்தது. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அவருக்கு நினைவுப் பலகை வைத்து மரியாதை செய்தது 2000இல். நூற்றாண்டு வந்த பிறகு.

ஸ்வார்ட்டெண்டைக்குக்கு அதுவும் தாமதம். அவர் பிலிப்ஸ் வேலைக்கே திரும்பிப் போய், இதைப் பற்றி அதிகம் பேசாமலேயே 1976இல் இறந்தார். யாத் வஷேம் கௌரவம் 1997இல்தான் வந்தது. 2018இல், கவுனாஸில் அவருடைய பழைய அலுவலகம் இருந்த தெருவில், மரங்களுக்கு நடுவே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சிலை இல்லை. வட்டமாகச் சுழன்று மேலே போகிற விளக்குக் குழல்கள், எண்ணிக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேல். அவர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு விளக்கு என்று கணக்கு. இருட்டியதும் எரிய ஆரம்பிக்கும்.